திரும்பி வந்த 4400 பேரும் வெடிக்கவிருந்த நகரமும்: அதீத சக்தித் தொடர்களின் பலமும் பலவீனமும்

ஓர் ஏரிக்கரை. வானத்தில் இருந்து ஒளிப்பந்து ஒன்று இறங்கி வருகிறது. வெளிச்சம் அடங்கியதும் அங்கே 4400 பேர் நிற்கிறார்கள். 1946 ஆம் ஆண்டு தொடக்கம் வெவ்வேறு காலங்களில் காணாமல் போனவர்கள் அவர்கள். எவருக்கும் ஒரு நாள்கூட வயது ஏறவில்லை. இத்தனை காலமும் எங்கே இருந்தோம் என்பதும் எவருக்கும் நினைவில்லை. வீடு திரும்பிய சில நாட்களிலேயே அவர்களில் சிலருக்கு விசித்திரமான சக்திகள் இருப்பது தெரியவருகிறது.

2004 ஜூலையில் அமெரிக்காவின் யூ.எஸ்.ஏ. நெட்வேர்க் அலைவரிசையில் ஆரம்பமான ‘த 4400’ தொடரின் கதை இந்தச் சம்பவத்தில் இருந்துதான் விரிகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2006 செப்டெம்பரில், என்.பி.சி. அலைவரிசை ‘ஹீரோஸ்’ தொடரை ஆரம்பித்தது. அதிலும் சாதாரண மனிதர்கள்தான். ஒருவர் டோக்கியோவில் அலுவலக ஊழியர், ஒருவர் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ்காரர், ஒருத்தி டெக்சாஸ் மாநிலத்துப் பாடசாலை மாணவி. ஒருநாள் தங்களுக்கு இயல்புக்கு மீறிய சக்தி இருப்பதை அவர்கள் கண்டுபிடிக்கிறார்கள். நியூயோர்க் நகரம் வெடித்துச் சிதறப்போவதைத் தடுக்க வேண்டிய பொறுப்பும் அவர்கள் தலையில் விழுகிறது.

இரண்டு தொடர்களிலும் முகமூடி இல்லை, பறக்கும் சால்வை இல்லை. இரண்டும் சிறப்பாக ஆரம்பித்தன. ஒன்று கதை முடியாமலேயே நின்றுபோனது. மற்றையது தன் இரசிகர்களையே சலிப்படையச் செய்து முடிந்தது. இன்று நெட்பிளிக்ஸ், டிஸ்னி பிளஸ், அமேசன் பிரைம் என எல்லாத் தளங்களிலும் அதீத சக்தி படைத்தவர்களின் கதைகள் குவிந்துகிடக்கின்றன. இந்த வகைத் தொடர்கள் எங்கே வெற்றி பெறுகின்றன, எங்கே தடுக்கி விழுகின்றன என்பதை விளங்கிக்கொள்ள இந்த இரண்டு தொடர்களும் நல்ல பாடங்கள்.

கொஞ்சம் பின்னணி

தொலைக்காட்சிக்கு இந்த வகை புதிதல்ல. ஜோர்ஜ் ரீவ்ஸ் நடித்த சூப்பர்மான் தொடர் 1952 முதல் 1958 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பானது. 1977 இல் தொலைக்காட்சித் திரைப்படமாக வந்து, பின்னர் 1982 வரை தொடராக நீடித்தது ‘த இன்கிரெடிபிள் ஹல்க்’. பில் பிக்ஸ்பி விஞ்ஞானியாகவும், லூ பெரிக்னோ அவருக்குள் இருக்கும் பச்சை நிற இராட்சதனாகவும் நடித்தார்கள்.

அந்தக் காலத்தில் கணினி வரைகலை கிடையாது. செலவும் கட்டுப்பாடானது. எனவே ஹல்க் ஓர் அத்தியாயத்தில் சில நிமிடங்கள் மட்டுமே தோன்றுவான். மிகுதி நேரம் முழுவதும், ஊர் ஊராக அலைந்து கூலிவேலை செய்தபடி, தன் கோபத்துக்குத் தானே பயந்து வாழும் ஒரு மனிதனின் கதைதான். பணம் இல்லாததால் வந்த கட்டுப்பாடு அந்தத் தொடருக்குப் பலமாக அமைந்தது. பார்வையாளர்கள் இராட்சதனுக்காகக் காத்திருந்தார்கள். ஆனால் மனதில் பதிந்தது அந்த மனிதன்தான்.

2001 இல் ஆரம்பித்துப் பத்து சீசன்கள் ஓடிய ‘ஸ்மோல்வில்’ இதே கட்டுப்பாட்டை வேண்டுமென்றே கைக்கொண்டது. இளவயது சூப்பர்மானின் கதை அது. ஆனால் அவன் புகழ்பெற்ற அந்த உடையை அணியமாட்டான், பறக்கமாட்டான் என்று தயாரிப்பாளர்கள் ஆரம்பத்திலேயே முடிவு செய்தார்கள். அந்த விதியைக் கடைசி அத்தியாயம் வரை பெருமளவில் காப்பாற்றினார்கள்.

பலம் 1: சக்தி என்பது ஒரு காயத்தின் மறுபெயர்

‘த 4400’ முதலில் ஐந்து வாரக் குறுந்தொடராகவே வந்தது. அந்த ஐந்து வாரங்களிலும் அதீத சக்திக்குக் கிடைத்த இடம் குறைவு. திரும்பி வந்தவர்களுக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்பதே பெரிதாகப் பேசப்பட்டது.

லில்லி 1993 இல் காணாமல் போன இளம் தாய். திரும்பி வரும்போது கணவர் மறுமணம் செய்திருக்கிறார். கைக்குழந்தையாக விட்டுச்சென்ற மகளுக்குத் தாயை அடையாளம் தெரியவில்லை. ‘எங்கள் வாழ்க்கைக்குள் வராதே’ என்று கணவர் கதவை மூடுகிறார். ரிச்சர்ட் 1951 இல் கொரியப் போர்க்காலத்தில் மறைந்த கறுப்பின விமானப்படை வீரர். வெள்ளைக்காரப் பெண்ணைக் காதலித்ததற்காகச் சக வீரர்களால் தாக்கப்பட்டவர். அவர் விழித்தெழும் அமெரிக்கா வேறொன்று. எட்டு வயது மாயா 1946 இல் மறைந்தவள். அவளுக்கு வருங்காலம் தெரிகிறது. ஆனால் அவளை அழைத்துச் செல்லப் பெற்றோர் எவரும் உயிரோடு இல்லை.

இந்தக் காட்சிகளை நம் நாட்டில் இருந்து பார்க்கும் ஒருவருக்கு இது வெறும் கற்பனைக் கதையாக இருக்க முடியாது. 2017 முதல் வடக்கு கிழக்கின் வீதியோரங்களில் புகைப்படங்களோடு அமர்ந்திருக்கும் தாய்மாரைச் செய்திக்காகச் சந்தித்த பிறகு இந்தத் தொடரை இரண்டாவது தடவை பார்த்தேன். அமெரிக்கத் திரைக்கதையாளர்களுக்கு அந்தத் தாய்மாரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ‘போனவர்கள் ஒருநாள் அப்படியே வந்து நின்றால்?’ என்ற கேள்வியை அவர்கள் நேர்மையாகக் கேட்டிருந்தார்கள். திரும்பி வருவதோடு எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் மறைக்காமல் காட்டியிருந்தார்கள். யதார்த்த நாடகம் ஒன்றில் இந்தக் கேள்வியைக் கேட்க வழியே இல்லை. அதீதக் கற்பனைக்கு மட்டும் உள்ள வசதி இது.

பிரித்தானியாவின் ஈ4 அலைவரிசையில் 2009 முதல் 2013 வரை வந்த ‘மிஸ்பிட்ஸ்’ இதே வழியை நகைச்சுவையாகக் கையாண்டது. சிறு குற்றங்களுக்காகச் சமூக சேவைத் தண்டனை பெற்ற இளைஞர்கள் சிலர் ஒரு விசித்திரப் புயலில் சிக்கிச் சக்தி பெறுகிறார்கள். யாரும் கண்டுகொள்ளாத சைமனுக்கு மறைந்துபோகும் சக்தி. மற்றவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எப்போதும் கவலைப்படும் கெலிக்கு எண்ணங்கள் கேட்கும் சக்தி. ஒரு தவறால் விளையாட்டு வாழ்க்கையை இழந்த கேர்ட்டிஸுக்குக் காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் சக்தி. ஒவ்வொருவரின் சக்தியும் அவரவர் மனக்குறையில் இருந்தே முளைத்தது. சிறந்த நாடகத் தொடருக்கான பாஃப்டா விருது 2010 இல் இதற்குக் கிடைத்தபோது, இந்த வகைத் தொடர்களைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கியவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

2015 இல் நெட்பிளிக்ஸில் வந்த ‘ஜெசிக்கா ஜோன்ஸ்’ இன்னும் ஆழமாகச் சென்றது. ஜெசிக்கா வாகனத்தைத் தூக்கி நிறுத்தக்கூடியவள். ஆனால் பேச்சாலேயே மற்றவர்களை ஆட்டிப்படைக்கும் கில்கிரேவ் என்பவன் அவளை முன்பு தன் பிடியில் வைத்திருந்தான். உடல் பலம் எதுவும் அந்த நினைவுக்கு முன் உதவவில்லை. வன்முறையான உறவொன்றில் இருந்து தப்பிய பெண்ணின் அச்சம், குற்றவுணர்வு, தூக்கமின்மை எல்லாவற்றையும் அந்தத் தொடர் பேசியது. ‘ஏன் நீ அப்போதே விலகிப் போகவில்லை?’ என்று பாதிக்கப்பட்டவரையே கேட்கும் சமூகத்துக்கு, மனதை ஆட்டிப்படைக்கும் சக்தி என்ற கற்பனை ஒரு தெளிவான பதிலாக அமைந்தது.

பலம் 2: சக்திக்கு எல்லை இருக்கும்போது நாடகம் பிறக்கிறது

‘த 4400’ இன் முதல் சீசனில் கார்ல் மொரிசி என்றொருவர் வருகிறார். பேரங்காடியொன்றில் மீன் வெட்டி விற்பவர். அவருக்கு வேகமும் பலமும் கூடிவிடுகின்றன. தன் வீட்டருகே உள்ள பூங்காவைப் போதைப்பொருள் கும்பலிடம் இருந்து மீட்பதே தனக்கு இடப்பட்ட பணி என்று நம்புகிறார். தனியாகப் போய் மோதுகிறார். வேறெந்தத் தொடராக இருந்தாலும் அவர் வென்றிருப்பார். இங்கே அவர் கொல்லப்படுகிறார். அதுவரை கதவைப் பூட்டிக்கொண்டிருந்த அயலவர்கள் அதன் பிறகுதான் வெளியே வருகிறார்கள். பூங்காவைத் துப்புரவாக்கி மீட்டெடுப்பது சக்தி எதுவும் இல்லாத அந்தச் சனங்கள்தான்.

ஒரே அத்தியாயத்தில் சொல்லப்பட்ட இந்தச் சின்னக் கதை, இந்த வகை நாடகங்களால் எதைச் செய்ய முடியும் என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம். மீட்பர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்வார் என்ற ஆசையைத் தூண்டிவிட்டு, பிறகு அந்த ஆசையையே அது விசாரணை செய்கிறது.

‘ஹீரோஸ்’ தொடரிலும் இதற்கு ஒத்த ஓர் அத்தியாயம் உண்டு. முதல் சீசனின் 17 ஆவது அத்தியாயமான ‘கம்பனி மேன்’, அந்தத் தொடரிலேயே சிறந்தது என்று விமர்சகர்கள் பலராலும் சொல்லப்படுவது. எழுதியவர் பிரையன் புல்லர். கதை பெரும்பாலும் ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. எண்ணங்களைப் படிக்கும் ஒருவரும், உடலில் இருந்து கதிர்வீச்சை வெளியிடும் ஒருவரும் நோவா பெனட்டின் குடும்பத்தைப் பணயமாகப் பிடிக்கிறார்கள். நோவாவுக்கு எந்தச் சக்தியும் இல்லை. சக்தி படைத்தவர்களைப் பிடித்து ஆராயும் இரகசிய நிறுவனமொன்றின் ஊழியர் அவர். தத்தெடுத்து வளர்த்த மகள் கிளயருக்கு, எந்தக் காயமும் உடனே ஆறும் சக்தி இருக்கிறது. அவளை அந்த நிறுவனத்திடம் ஒப்படைப்பதா, தன் நினைவுகளை அழித்துக்கொண்டு அவளைத் தப்பவைப்பதா என்பதே தகப்பனின் பிரச்சினை. சக்திமான்கள் நிறைந்த தொடரில் மிகச் சிறந்த மணித்தியாலம் சக்தியே இல்லாத ஒரு தகப்பனுடையதாக இருந்தது தற்செயல் அல்ல.

2023 இல் வந்த தென்கொரியத் தொடரான ‘மூவிங்’ இந்த விடயத்தை நன்கு உணர்ந்திருந்தது. காங் புல்லின் இணையச் சித்திரக்கதையை அடியொற்றிய 20 அத்தியாயத் தொடர் அது. பொங்சொக் என்ற மாணவனுக்கு மனம் பூரித்தால் உடல் தானாக மிதக்கத் தொடங்கிவிடும். அவன் மிதந்துவிடக்கூடாதே என்று தாய் அவனுக்கு நிறையச் சாப்பாடு போடுகிறாள், புத்தகப்பையைப் பாரமாக்கி அனுப்புகிறாள். பிள்ளையின் திறமை வெளியே தெரிந்தால் அரச புலனாய்வுத்துறை அவனையும் பாவித்துவிடும் என்ற அச்சம் அவளுக்கு. அந்தத் தாய் ஊட்டும் ஒவ்வொரு கவளத்திலும் அந்த அச்சம் தெரிகிறது. எந்த வரைகலைக் காட்சியும் அந்த உணர்வைத் தந்திருக்காது.

பலம் 3: நேரடியாகச் சொல்ல முடியாததைச் சொல்வது

‘த 4400’ செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்திய அமெரிக்காவின் படைப்பு. திரும்பி வந்தவர்களை அரசு முதலில் தனிமைப்படுத்தி வைக்கிறது. வெளியே விட்ட பின்னரும் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கண்காணிப்பு தொடர்கிறது. அவர்களுடைய சக்தியை அடக்கும் மருந்தொன்றை அவர்களுக்குத் தெரியாமலேயே அதிகாரிகள் ஏற்றியிருந்தார்கள் என்பதும், அந்த மருந்தே அவர்களை நோயாளியாக்குகிறது என்பதும் இரண்டாம் சீசனில் அம்பலமாகின்றன. பாதுகாப்பின் பெயரால் ஒரு கூட்டம் மனிதர்கள் முழுவதையும் சந்தேக நபர்களாக்குவது பற்றி, அந்தக் காலத்துச் செய்தி நிகழ்ச்சிகள் பேசத் தயங்கியதை இந்தக் கற்பனைத் தொடர் பேசியது.

2019 இல் எச்.பி.ஓ. வெளியிட்ட ‘வொட்ச்மன்’ இன்னொரு படி மேலே சென்றது. ஒன்பது அத்தியாயங்கள் கொண்ட அந்தத் தொடர், 1921 இல் ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் கறுப்பின மக்களின் கிறீன்வூட் பகுதி வெள்ளையினக் கும்பலால் எரித்தழிக்கப்பட்ட காட்சியோடு ஆரம்பிக்கிறது. அது கற்பனை அல்ல. அங்கே 300 பேர் வரை கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். பல தசாப்தங்களாகப் பாடப்புத்தகங்களில் இடம்பெறாத நிகழ்வு அது. அப்படியொன்று நடந்ததையே அந்தத் தொடரில்தான் முதன்முதலாக அறிந்ததாகப் பெருந்தொகையான அமெரிக்கர்கள் சமூக ஊடகங்களில் எழுதினார்கள். நினைவுகூரப்படாத படுகொலையொன்றைப் பேசுபொருளாக்க ஆவணப்படங்களைவிட ஒரு சூப்பர்ஹீரோ தொடர் அதிகம் உதவியது என்பது ஊடகத்துறையில் உள்ள எங்களுக்குச் சற்றுச் சங்கடமான உண்மை.

பலவீனம் 1: கூடிக்கொண்டே போகும் சக்தி

இனி மறுபக்கம். ‘ஹீரோஸ்’ தொடரின் நாயகர்களில் ஒருவரான பீட்டர், தன் அருகில் வருபவர்களின் சக்திகளைத் தானும் பெற்றுக்கொள்பவர். வில்லனான சைலர், சக்தி உள்ளவர்களைக் கொன்று அவர்களின் சக்திகளை எடுத்துக்கொள்பவன். ஆரம்பத்தில் இந்த எதிரெதிர் நிலை கவர்ச்சியாக இருந்தது. ஆனால் சீசனின் இறுதிக்கு வரும்போது இருவரிடமும் ஏறத்தாழ எல்லாச் சக்திகளும் சேர்ந்துவிட்டன. எல்லாம் செய்ய வல்ல ஒருவருக்கு என்ன பிரச்சினை வர முடியும்?

2007 மே மாதம் ஒளிபரப்பான முதல் சீசனின் இறுதி அத்தியாயத்தில் இந்தச் சிக்கல் வெளிப்பட்டது. 22 அத்தியாயங்களாக எதிர்பார்க்கப்பட்ட மோதல், சில குத்துகளோடும், வீதியோர வாகனத் தரிப்பிட மானியைப் பிடுங்கி அடிப்பதோடும் முடிந்துவிட்டது. வெடிக்கவிருக்கும் பீட்டரை அவருடைய அண்ணன் நேதன் தூக்கிக்கொண்டு வானத்தில் பறந்து நகரத்தைக் காப்பாற்றுகிறார். சகோதர பாசமாகப் பார்த்தால் உருக்கமான முடிவு. ஆனால் பீட்டருக்குத் தானாகவே பறக்கத் தெரியுமே, பிறகு எதற்கு அண்ணன்? இரசிகர்கள் அன்றிரவே கேட்ட கேள்வி இது.

அதற்குப் பிறகு எழுத்தாளர்கள் கையாண்ட வழிகள் இந்த வகைத் தொடர்கள் எல்லாவற்றிலும் காணக்கூடியவை. பீட்டருக்கு நினைவு தப்பிவிடுகிறது. பிறகு சக்திகள் பறிக்கப்படுகின்றன. பிறகு ஒரு நேரத்தில் ஒரு சக்தி மட்டுமே தங்கும் என்று விதி மாற்றப்படுகிறது. காலத்தை நிறுத்தக்கூடிய ஹிரோவுக்குப் பத்து வயதுப் பிள்ளையின் மனம் வந்துவிடுகிறது, பின்னர் அவருடைய சக்தியும் பறிபோகிறது. கதைக்குத் தேவைப்படும்போது நாயகர்கள் தங்கள் சக்தியை மறந்துவிடுகிறார்கள் அல்லது இழந்துவிடுகிறார்கள். முதலில் அளவில்லாமல் கொடுத்துவிட்டதைப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க வேண்டிய நிலை இது.

பலவீனம் 2: பாரமிழந்த மரணம்

இரண்டாம் சீசனில் நோவா பெனட் சுட்டுக் கொல்லப்படுகிறார். மகள் கிளயரின் இரத்தத்தைச் செலுத்தி அவரை உயிர்ப்பிக்கிறார்கள். அந்தக் கணத்தோடு அந்தத் தொடரில் எவருடைய மரணமும் உறுதியில்லாததாகிவிட்டது. முதல் சீசனில் வாளால் குத்தப்பட்ட சைலரும் பிழைத்துக்கொண்டான். பார்வையாளரிடம் மிகவும் பிரபலமான வில்லனை இழக்கத் தயாரிப்பாளர்களுக்கு மனமில்லை. கார்ல் மொரிசியின் சாவு மனதில் நிற்பதற்குக் காரணம், அவர் திரும்பி வரவில்லை என்பதுதான். யாரும் சாகமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு, துப்பாக்கி நீட்டப்படும் காட்சியில் நாம் பயப்படுவதில்லை. நேரத்தைப் பார்க்கத் தொடங்குகிறோம்.

பலவீனம் 3: முடிய விடாத வணிகம்

பழியை எழுத்தாளர்கள் மீது மட்டும் போடுவது நியாயமில்லை. ‘ஹீரோஸ்’ தொடரை உருவாக்கிய டிம் க்ரிங், ஒவ்வொரு சீசனிலும் புதிய மனிதர்களின் கதையைச் சொல்லவே முதலில் எண்ணியிருந்தார். ஆனால் முதல் அத்தியாயத்தையே ஏறத்தாழ 14 மில்லியன் அமெரிக்கர்கள் பார்த்தார்கள். நடிகர்கள் ஒரே இரவில் நட்சத்திரங்களானார்கள். இப்படிப்பட்ட பாத்திரங்களை எந்த அலைவரிசை கைவிடும்? பழைய பாத்திரங்களே தொடர்ந்தார்கள். ஒரு கதையைச் சொல்லி முடித்தவர்களை வைத்து அதே கதையை மீண்டும் சொல்ல வேண்டியதாயிற்று.

முதல் சீசனுக்கு 23 அத்தியாயங்கள். அந்தக் காலத்து அமெரிக்க அலைவரிசைகளின் வழமையான அளவு அது. விளம்பர இடைவெளிகளை நிரப்பும் அளவுக்குக் கதை இழுக்கப்பட்டது. இரண்டாம் சீசனின் நடுவில், 2007 நவம்பரில், க்ரிங்கே பகிரங்கமாகத் தவறுகளை ஒப்புக்கொண்டார். கதை மெதுவாக நகர்ந்ததையும், புதிய பாத்திரங்களை அறிமுகப்படுத்திய விதம் சரியில்லை என்பதையும் ஏற்றுக்கொண்டார். அதே மாதம் எழுத்தாளர் சங்கத்தின் வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. அந்த சீசன் 11 அத்தியாயங்களோடு நின்றது. 2010 பெப்ரவரியில் தொடர் நான்கு சீசன்களோடு முடிந்தபோது, ஆரம்பத்தில் பார்த்தவர்களில் பாதிப்பேர்கூட எஞ்சியிருக்கவில்லை. 2015 இல் ‘ஹீரோஸ் ரீபோர்ன்’ என்ற பெயரில் 13 அத்தியாயங்கள் எடுத்துப் பார்த்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை.

‘த 4400’ இற்கு நேர்ந்தது வேறொன்று. அதன் கதை கடைசிவரை வளர்ந்துகொண்டே இருந்தது. பிற்பகுதியில் சக்தியைத் தரும் ஊசிமருந்து ஒன்று வெளியே கசிகிறது. அதை ஏற்றிக்கொள்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சக்தி பெறுவார்கள், மற்றப் பாதிப்பேர் இறந்துபோவார்கள். ‘நீங்களாக இருந்தால் ஏற்றிக்கொள்வீர்களா?’ என்ற கேள்வியைவிட நல்ல நாடகக் கேள்வி இந்த வகையில் அரிது. ஆனால் 2007 செப்டெம்பரில் நான்காம் சீசன் பெரும் திருப்பமொன்றில் முடிந்ததோடு தொடர் நிறுத்தப்பட்டது. பார்வையாளருக்கு விடை கிடைக்கவில்லை. ஒரு தொடர் முடிய வேண்டிய நேரத்தில் முடிக்கப்படவில்லை, மற்றையது முடிய முன்னரே வெட்டப்பட்டது. இரண்டு முடிவுகளையும் எடுத்தது கதை அல்ல.

‘வொட்ச்மன்’ தொடருக்கு 2020 இல் 11 எமி விருதுகள் கிடைத்தன. அப்படியிருந்தும், தான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டதாகக் கருதி அதை உருவாக்கிய டேமன் லிண்டலோவ் இரண்டாம் சீசனுக்குப் போகவில்லை. இந்த வகையில் அப்படி நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு.

பலவீனம் 4: கடைசியில் எப்போதும் ஒரு சண்டை

2021 இல் டிஸ்னி பிளஸில் வந்த ‘வாண்டாவிஷன்’ எட்டு அத்தியாயங்கள் வரை துக்கத்தைப் பற்றிய துணிச்சலான படைப்பு. இறந்த காதலனோடு வாழ்வதற்காக ஒரு பெண் ஓர் ஊரையே தன் கற்பனைக்குள் சிறைவைக்கிறாள். பல அத்தியாயங்கள் ஒவ்வொரு தசாப்தத்தின் அமெரிக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடர் போல் எடுக்கப்பட்டன. ஆனால் ஒன்பதாவது அத்தியாயத்தில் வழமைபோல் இரண்டு பேர் வானத்தில் நின்று நிற ஒளிக்கற்றைகளை வீசிக்கொண்டார்கள். துக்கத்தைச் சண்டையால் தீர்க்க முடியாது என்று சொல்ல வந்த கதைக்கே, வகையின் பழக்கம் ஒரு சண்டையைத் திணித்துவிட்டது.

பலவீனம் 5: ‘தெரிவு செய்யப்பட்டவர்கள்’ என்ற நம்பிக்கை

‘ஹீரோஸ்’ தொடரில் தமிழர்கள் கவனிக்க ஒரு விடயம் உண்டு. அதன் கதைசொல்லியான மொஹிந்தர் சுரேஷ் சென்னையைச் சேர்ந்த மரபணு விஞ்ஞானி. செந்தில் ராமமூர்த்தி நடித்த பாத்திரம். உலகெங்கும் பார்க்கப்பட்ட அமெரிக்கத் தொடரொன்றில் சென்னைக்காரர் ஒருவர் கடை நடத்துபவராகவோ கேலிப்பாத்திரமாகவோ இல்லாமல் அறிவாளியாக வந்தது அந்நாளில் பெரிய விடயம்தான். ஆனாலும் அவருக்குப் பஞ்சாபிப் பெயரொன்றை வைத்திருந்தார்கள். இந்தியாவுக்குள் உள்ள வேறுபாடுகள் குறித்து எழுத்தாளர்களுக்கு இருந்த அக்கறை அவ்வளவுதான்.

பெயரைவிடப் பெரிய சிக்கல் அவர் பேசும் விஞ்ஞானம். மனிதன் மூளையில் பத்து வீதத்தையே பாவிக்கிறான் என்ற கருத்து முதல் அத்தியாயத்திலேயே அவர் வாயால் வருகிறது. அது விஞ்ஞானம் எப்போதோ நிராகரித்த கட்டுக்கதை. சக்தி படைத்தவர்கள் பரிணாமத்தின் அடுத்த படி என்று தொடர் முழுவதும் சொல்லப்படுகிறது. பரிணாமத்துக்கு ஏணிப்படிகள் இல்லை. மேலான மனிதன், கீழான மனிதன் என்ற தரவரிசையும் இல்லை. இரத்தத்தில் மேன்மை ஓடுகிறது என்ற கதை எங்களுக்குப் புதிதல்ல. சாதியின் பெயரால் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதே கதை விஞ்ஞான உடையில் வரும்போது கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

2019 இல் அமேசனில் ஆரம்பமான ‘த போய்ஸ்’ இந்த நம்பிக்கையைத்தான் தாக்குகிறது. அதில் வரும் சூப்பர்ஹீரோக்கள் கடவுளால் தெரிவு செய்யப்பட்டவர்கள் என்று வோட் என்ற பெரும் நிறுவனம் பிரசாரம் செய்கிறது. உண்மையில் அவர்கள் குழந்தைப் பருவத்தில் அந்த நிறுவனமே மருந்தேற்றி உருவாக்கிய விற்பனைப் பொருட்கள். அவர்களின் தலைவன் ஹோம்லாண்டர், கைதட்டலுக்கு ஏங்கும் கொலைகாரன். ஆனால் இந்தத் தொடரும் ஒரு பொறியில் மாட்டிக்கொண்டது. வன்முறையை விமர்சிக்கிறேன் என்று சொல்லியபடியே ஒவ்வொரு சீசனிலும் அதைவிடக் கோரமான வன்முறையைக் காட்டவேண்டியிருக்கிறது. பெரும் நிறுவனங்களைக் கேலி செய்யும் அந்தத் தொடரை வெளியிடுவதே உலகின் மிகப்பெரிய நிறுவனங்களில் ஒன்று என்பதும் பார்வையாளர் மறக்கக்கூடாத விடயம்.

பிள்ளைகள் பார்க்கும்போது

இந்தியாவின் தூர்தர்ஷனில் 1997 செப்டெம்பரில் ஆரம்பித்து 2005 வரை ஓடிய ‘சக்திமான்’ பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. முகேஷ் கன்னா நடித்த அந்தத் தொடர் இலட்சக்கணக்கான பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிச் சில பிள்ளைகள் தங்களுக்கே ஆபத்தை வரவழைத்துக்கொண்டதாக அந்நாட்களில் இந்தியாவில் செய்திகள் வெளியாகின. ஒவ்வொரு சம்பவமும் தொடரால்தான் நடந்ததா என்ற சர்ச்சையும் இருந்தது. இப்படியானவற்றைச் செய்து பார்க்காதீர்கள் என்று முகேஷ் கன்னா தானே திரையில் தோன்றிப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை ஏற்பட்டது.

இதை வைத்து இந்த வகைத் தொடர்களைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகள் கதையை எங்களைவிட ஆழமாக நம்புகிறார்கள் என்பதையே சொல்கிறேன். அவர்களோடு பக்கத்தில் இருந்து பார்ப்பதும், ‘இவர் வராவிட்டால் இந்தச் சனங்கள் என்ன செய்திருப்பார்கள்?’ என்று கேட்பதும் பெரியவர்கள் செய்யக்கூடிய சின்ன வேலை.

எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

புதிய தொடரொன்றைத் தெரிவு செய்யும்போது நான் மனதில் வைத்திருக்கும் கேள்விகள் நான்கு.

முதலாவது, இந்தச் சக்தியை எடுத்துவிட்டால் அந்த மனிதரிடம் சொல்லக் கதை இருக்கிறதா? லில்லியிடம் இருக்கிறது, நோவா பெனட்டிடம் இருக்கிறது. எல்லாச் சக்தியும் பெற்ற பிறகு பீட்டரிடம் இருக்கவில்லை.

இரண்டாவது, சக்தியால் முடியாதது எது என்று தொடர் ஆரம்பத்திலேயே சொல்கிறதா? அந்த விதியை இடையில் மாற்றாமல் காப்பாற்றுகிறதா?

மூன்றாவது, இழப்பு இழப்பாகவே இருக்கிறதா? செத்தவர்கள் திரும்பி வரும் தொடரில் எதற்காக நாம் அழவேண்டும்?

நான்காவது, சக்தி இல்லாத சனங்கள் அந்தக் கதையில் என்ன செய்கிறார்கள்? வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களா, அல்லது அவர்களுக்கும் வேலை இருக்கிறதா?

நான்காவது கேள்விதான் எனக்கு முக்கியமானது. மீட்பர் ஒருவருக்காகக் காத்திருப்பது இயலாமையில் இருக்கும் எந்தச் சமூகத்துக்கும் இயல்பான ஆசை. அந்த ஆசையை விற்றுப் பிழைக்கும் தொடர்கள் நிறைய உண்டு. அதற்கு மரியாதை கொடுத்து, அதேநேரம் அதைக் கேள்வி கேட்கும் தொடர்கள் சிலவே. மீன் விற்ற கார்ல் மொரிசியால் அந்தப் பூங்காவைக் காப்பாற்ற முடியவில்லை. அவருடைய அயலவர்களால் முடிந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த அந்த அத்தியாயத்தை இன்று தேடிப் பார்த்தாலும் அது பழசாகத் தெரியாது.